செவிலியர் பணி: ஒரு தந்தைக்கு விடை



இம்மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று என்னைப் பல நாட்கள் சிந்திக்க வைத்துவிட்டது. எழுதியவர் நம் சங்கத்தின் நெடுநாள் உறுப்பினர். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களோடு தேறியிருக்கிறாள். செவிலியர் படிப்பில்தான் சேருவேன் என்று உறுதியாக நிற்கிறாளாம். தந்தையார் மனம் ஒப்பவில்லை. "ஆசிரியை ஆகட்டும், வங்கியில் சேரட்டும், கணிப்பொறி படிக்கட்டும், நான் தடை சொல்லவில்லை. இரவும் பகலும் பிறர் அழுக்கைத் துடைப்பதற்கா பெண்ணை வளர்த்தோம்? ஊரில் உள்ள உறவினர் கேட்டால் என்ன சொல்வது? நாளை வரன் தேடும்போது என்ன சொல்வது?" என்று எழுதியிருக்கிறார்.

இக்கேள்விகளை நகைத்து ஒதுக்குதல் முறையன்று. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து, மொழி தெரியாத இடத்தில் மானத்தோடு குடும்பம் நடத்தும் தந்தை ஒருவரின் கவலை அது. ஆயினும் அவருக்கு விடை கூறுமுன், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் நெஞ்சில் இருக்கும் குற்றம் ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்போது நாங்கள் அகமதாபாத் நகரில், மணிநகர்ப் பகுதியில் குடியிருந்தோம். எங்கள் மாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள் ஒருவர் கணவரோடும் ஆறு வயது மகனோடும் வசித்தார். அவர் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். மாதத்தில் பல நாட்கள் இரவுப் பணி. காலையில் நாங்கள் பால் வாங்கப் படியிறங்கும் வேளையில் அவர் களைத்த முகத்தோடு படியேறுவார். அவரைக் கண்டதும் சிலர் பேச்சை நிறுத்திக்கொள்வர். நவராத்திரிக் கொலுவுக்குத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் அழைப்புப் போகும். அவர் வீட்டுக்கு மட்டும் மறந்துபோகும். மறதி என்றே நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26, குடியரசு நாள். காலை 8 மணி 46 நிமிடம். கட்ச் மாவட்டத்தில் பச்சாவ் அருகே பூமி பிளந்தது. இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த எங்கள் கட்டடம் ஒரு நிமிடத்துக்கும் மேலாக ஊஞ்சல் போல் ஆடியது. கைக்கு அகப்பட்ட குழந்தைகளை வாரிக்கொண்டு எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். நகரில் அடுக்கு மாடிக் கட்டடங்கள் பல சரிந்துவிட்டன என்னும் செய்தி சிறிது நேரத்தில் வந்தது. தெருவில் நின்ற எல்லோரும் தத்தம் வீட்டுச் சுவரில் வெடிப்பு விழுந்துள்ளதா என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மாள் ஒருவர் மட்டும் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இரவுப் பணி முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். கணவர் வெளியூர் போயிருந்தார். தம் மகனை அழைத்து வந்து என் மனைவியிடம் ஒப்படைத்தார். "அக்கா, இவன் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். வண்டி ஏதும் கிடைக்காதென்று அறிந்து நடந்தே மருத்துவமனைக்குப் போனார். மூன்றாம் நாள் மாலையில்தான் திரும்பினார்.

இரண்டாம் நாள் இரத்தம் கொடுப்பதற்காக நான் அம்மருத்துவமனைக்குச் சென்றேன். கட்டில்கள் நிறைந்து, தாழ்வாரத் தரையிலும் நோயாளிகள் கிடந்தனர். அந்த அம்மாள் ஒவ்வொருவருக்கும் ஊசி போட்டு, போட்ட நேரத்தை அவர்தம் நெற்றியில் ஒட்டிய பிளாஸ்திரியில் பேனாவால் எழுதிக்கொண்டே போனார். கட்ச் கிராமத்து மூதாட்டி ஒருத்தி தன் மகன் பெயரைச் சொல்லி ஓயாது அழுதுகொண்டிருந்தாள். நம் அம்மாள் அவள் அருகில் குனிந்து, குஜராத்தி மக்கள் தாயை அழைக்கும் 'பா' என்னும் சொல்லால் அழைத்து, ஏதோ மெல்லக் கூறினார். அழுகை அடங்கியது. தாமிரபரணிக் கரையில் பிறந்த ஒருவர், கட்ச் பாலைநிலத்து மூதாட்டிக்கு அந்த நேரத்தில் மகளாகிவிட்டதைக் கண்டேன். நாங்கள் கொலுவுக்கு அழைக்க மறந்த பெண்மணி அவர்.

அந்த நிலநடுக்கத்தில் 13,800-க்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது குஜராத் அரசின் கணக்கு. காயமுற்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். புஜ் நகரின் பொது மருத்துவமனையே இடிந்து விழுந்தது. உள்ளிருந்த நோயாளிகளும் ஊழியர்களும் அதில் சிக்கினர். காயமுற்றவனை எங்கே கொண்டு போவது? திறந்த வெளியில், குளிரில், கூடாரத்தில், கிடைத்த வெளிச்சத்தில் சிகிச்சை நடந்தது. இராணுவ மருத்துவர்களும், செஞ்சிலுவைச் சங்கத்தின் கூடார மருத்துவமனையும், நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த குழுக்களும் பணியாற்றினர். கட்டடம் வீழ்ந்தால் மருத்துவமனை என்பது யாது? அங்கே நிற்கும் மனிதர்களே மருத்துவமனை. அவர்களுள் பெரும்பாலோர் செவிலியர்.

பேரிடர் நேர்ந்த இடத்தில் செவிலியர் செய்வது யாது என்று பலருக்குத் தெரியாது. டாக்டர் சொன்னதைச் செய்வார் என்றே எண்ணுகிறோம். ஒரே நேரத்தில் இருநூறு பேர் வந்து குவியும்போது, யாரை முதலில் கவனிப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பைப் பல இடங்களில் செவிலியரும் ஏற்கின்றனர். இதற்கு நான்கு நிறங்கள் வகுத்துள்ளனர். உடனே கவனித்தால் பிழைப்பவருக்குச் சிவப்பு. சிறிது காத்திருக்கக் கூடியவருக்கு மஞ்சள். நடந்து வரும் சிறு காயத்தினருக்குப் பச்சை. இறந்தவருக்கும் இனி மீட்க இயலாதவருக்கும் கறுப்பு. உரக்கக் கத்துபவன் பெரும்பாலும் பச்சை. ஓசையின்றிக் கிடப்பவனே சிவப்பாக இருக்கக்கூடும். ஒரு நிமிடத்துக்குள் நாடியையும் மூச்சையும் நினைவையும் பார்த்து இதை முடிவு செய்ய வேண்டும். பிழைக்க மாட்டான் என்று தெரிந்தவனைக் கடந்து அடுத்தவனிடம் செல்ல எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று: இடிபாட்டின் கீழ்ப் பல மணி நேரம் கால் நசுங்கிக் கிடந்தவனை வெளியே எடுத்ததும், "பிழைத்தான்" என்று எல்லோரும் மகிழ்வர். ஆபத்து அப்போதுதான் தொடங்கும். நசுங்கிய தசையிலிருந்து நச்சுப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து, இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மீது குண்டு பொழிந்தபோது, 1941-ஆம் ஆண்டில் மருத்துவர்கள் இதைத் தெளிவாக விளக்கினர். இதைத் தடுக்க உப்புநீரை விரைந்து ஏற்ற வேண்டும். மணிக்கு மணி சிறுநீரின் அளவையும் நிறத்தையும் பார்த்துக் குறிக்க வேண்டும். பிறர் அழுக்கு என்று நம் அன்பர் எழுதினாரே, அந்தச் சிறுநீர்ப் புட்டியைப் பார்த்துத்தான் ஓர் உயிர் நிற்குமா போகுமா என்று செவிலி அறிகிறாள்.

செய்தியாளர்கள் திரும்பிப் போன பின்னும் பணி முடிவதில்லை. முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுப்போனவர்கள் கட்ச் நாட்டில் பலர். அத்தகையோருக்குப் படுக்கைப் புண்ணே எமன். இரண்டு மணிக்கு ஒரு முறை அவர்களைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்; நடு இரவானாலும் தவறக்கூடாது. இதற்கு விருதும் இல்லை, புகைப்படமும் இல்லை. பெருங்கருவிகளும் வேண்டுவதில்லை. விழித்திருக்கும் ஒருவர் வேண்டும்; அவ்வளவே.

நம் முன்னோர் இதை அறியாதவர்களல்லர். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணை செய்பவன் என்பன அவை. அந்த நான்காமவனை 'உழைச்செல்வான்' என்பார். மருத்துவனுக்கு ஒரு கூறு அளித்தவர், உழைச்செல்வானுக்கும் ஒரு கூறே அளித்தார், குறைத்து அளிக்கவில்லை. குறைத்தவர்கள் நாம்.

மேல்நாட்டில் இப்பணிக்கு மதிப்பைத் தேடித் தந்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1854-ஆம் ஆண்டு கிரிமியப் போரின்போது 38 செவிலியரோடு துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அங்கே நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். ஜூன் மாதத்தில் அது 2 ஆகக் குறைந்தது. கைவிளக்கு ஏந்திய அம்மையாரின் கருணையால் மட்டுமே இது நிகழ்ந்ததென்று கூறுவது முழு உண்மையன்று. மருத்துவமனையின் அடியில் அடைபட்டிருந்த சாக்கடைகளை, இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதாரக் குழுவினர் மார்ச் மாதத்தில் சுத்தம் செய்ததே பெருங்காரணம். அதைக் கணக்கிட்டு, படம் வரைந்து, அரசாங்கத்தை ஏற்கச் செய்ததே அம்மையாரின் உண்மையான பெருமை. அவர் விளக்கு ஏந்தினார் என்பதை உலகம் நினைவில் வைத்தது. கணக்கு ஏந்தினார் என்பதை மறந்தது. அவர் பிறந்த மே 12-ஆம் நாளையே உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடுகிறோம்.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 1971-ஆம் ஆண்டு கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தனர். எல்லையில் உள்ள பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் உப்புநீர்ப் புட்டிகள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மகலநோபிஸ் துணிந்து வேறு வழி கண்டார். ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், உப்பு மூன்றரை கிராம், சமையல் சோடா இரண்டரை கிராம் என்று கலந்து, நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். ஊசியேற்றத் தெரிந்தவர்கள் போதாமையால், தாய்மாரும் உடன்பிறந்தோருமே குவளை குவளையாகக் கொடுக்கக் கற்றனர். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு, நான்குக்கும் கீழே இறங்கியது. அன்று அந்த முகாமில் தாய்மார்கள் எல்லோரும் செவிலியராயினர். செவிலியின் கலையைப் பிறருக்கும் கற்றுத் தரலாம், பேரிடரில் அது பரவினால் பல்லாயிரம் உயிர் பிழைக்கும் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

நம் தாயகத்துக்கு வருவோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்வளவு பேர் இறந்து, இன்னும் பல்லாயிரம் பேர் முகாம்களில் நெருங்கிக் கிடந்தால், அடுத்து வருவது கொள்ளைநோய் என்று எல்லோரும் அஞ்சினர். அப்படியொரு பெருங்கொள்ளைநோய் வரவில்லை. குடிநீரில் குளோரின் கலந்து, தடுப்பூசி போட்டு, வயிற்றுப்போக்கு கண்டவரை நாள்தோறும் தேடிய பலரின் உழைப்பு அதற்குக் காரணம். அவர்களுள் கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தனி இடம் உண்டு. சமவெளியில் ஐயாயிரம் மக்களுக்கு ஒருவர் என்பது கணக்கு. எந்த வீட்டில் கருவுற்ற பெண் இருக்கிறாள், எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி பாக்கி, எந்த முதியவருக்குச் சர்க்கரை நோய் என்பன அவருடைய பதிவேட்டில் இருக்கும். பதிவேட்டைக் கடல் கொண்டுபோனாலும் மனத்தில் இருக்கும். தலைநகரிலிருந்து வரும் எந்த அதிகாரிக்கும் அந்த அறிவு வாய்ப்பதில்லை.

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்று. 2024-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று கேரளத்தின் வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மூடியது. பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அக்கரையில் காயமுற்றோர் கிடந்தனர். நீலகிரி மாவட்டம் கூடலூரைச் சேர்ந்த செவிலியர் சபீனா, பெருக்கெடுத்து ஓடிய ஆற்றின் மேல் கட்டிய கம்பியில் தொங்கிக்கொண்டு, மருந்துப் பையோடு அக்கரை சேர்ந்து, முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு முதலுதவி செய்தார். அவ்வாண்டு விடுதலை நாளில் தமிழக அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது அளித்துப் பெருமை செய்தது. ஆறும் மலையும் மாநில எல்லையும் அவரைத் தடுக்கவில்லை.

எல்லோரும் திரும்பி வருவதில்லை என்பதையும் மறைக்கலாகாது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையில் தீப்பற்றியபோது, கேரளத்து இளஞ்செவிலியர் இருவர் எட்டு நோயாளிகளை வெளியேற்றிவிட்டு மீண்டும் உள்ளே சென்றனர். புகையில் உயிர் நீத்தனர். 2018-ஆம் ஆண்டு மே மாதம், கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா மருத்துவமனையில் நிபா நோயாளிக்குப் பணிவிடை செய்த லினி என்னும் செவிலியர் அந்நோய்க்கே இரையானார். அவருக்கு இரண்டு சிறு குழந்தைகள். இவர்களைத் தெய்வம் என்று புகழ்ந்து மாலையிடுவது எளிது. அவர்கள் கேட்பது அதுவன்று. நெருப்பு அணைக்கும் கருவி பழுதின்றி இருக்க வேண்டும். முகக்கவசமும் கையுறையும் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். உழைப்புக்கேற்ற ஊதியம் வேண்டும். 2016-ஆம் ஆண்டில், உச்ச நீதிமன்றத்தின் ஆணையை ஒட்டி அமைந்த குழு, தனியார் மருத்துவமனையில் செவிலியரின் மாத ஊதியம் எக்காரணத்தாலும் ரூ. 20,000-க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டில் இருக்கிறது. எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. புஜ் நகரில் புதிய மருத்துவமனையை ஈயமும் ரப்பரும் சேர்த்துச் செய்த தாங்கிகள் மேல் கட்டியிருக்கிறார்கள். பூமி அதிர்ந்தாலும் கட்டடம் வீழாது. உள்ளே நிற்பவர் வாழ்வும் வீழாதிருக்க வழி செய்தல் நம் கடனன்றோ?

இனி அன்பருக்கு என் விடை. ஐயா, இரவுப் பணி உண்டு, அலைச்சல் உண்டு, தொடக்கத்தில் ஊதியம் குறைவாக இருக்கலாம். இவற்றை மகளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். கல்லூரி முறையான அங்கீகாரம் பெற்றதா என்பதை நேரில் விசாரித்துச் சேருங்கள். இடைத்தரகர் சொல்லை நம்ப வேண்டா. நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பு முடித்து மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்தால், இந்தியாவின் எந்த மூலைக்குச் சென்றாலும் அவளுக்கு வேலை உண்டு. இடம் மாறி இடம் மாறி வாழும் நம்மைப் போன்ற குடும்பத்துக்கு அது சிறிய பயனன்று. ஆயினும் அவள் அதற்காக மட்டும் இதைக் கேட்கவில்லை என்று உங்கள் கடிதத்தின் வரிகளுக்கிடையே உணர்கிறேன். உறவினர் கேட்டால், என் மகள் உயிர் காக்கும் கல்வி கற்கிறாள் என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் வரன் உங்கள் வீட்டுப் படியேறாமல் இருப்பதே நலம்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். நம் உறுப்பினர் குடும்பங்களில் செவிலியராய் இருப்போர் பலர். அவர்களை அழைத்து முதலுதவி வகுப்பு நடத்துவோம். இரத்தக் கசிவை அழுத்தி நிறுத்துவது எப்படி, உப்புச் சர்க்கரை உறையை அதில் குறித்த அளவு நீரில் கலப்பது எப்படி என்று நம் வீட்டுப் பெரியோரும் பிள்ளைகளும் கற்கட்டும். தனித்து வாழும் முதியோர், கருவுற்ற பெண்கள், சிறுநீரகச் சிகிச்சையில் இருப்போர் ஆகியோரின் பட்டியலையும், அவரவர் இரத்த வகையையும் சங்க அலுவலகத்தில் வைப்போம். வெள்ளமோ தீயோ வரும் நாளில், நம் தெருவுக்கு நாமே கிராமச் செவிலி ஆகலாம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை முன்மொழிய எண்ணியுள்ளேன். அன்பர்கள் ஆதரவு தர வேண்டுகிறேன்.

கடைசியாக ஒன்று. அவ்வாண்டு நவராத்திரிக்கு முதல் அழைப்பு மூன்றாம் தளத்துக்குத்தான் போனது. என் மனைவியே குங்குமச் சிமிழோடு படியேறிச் சென்றாள். அந்த அம்மாள் மகிழ்ந்தார், ஆனால் வரவில்லை. அன்றும் அவருக்கு இரவுப் பணி. மகனை அனுப்பியிருந்தார். அவன் சுண்டலை இரண்டு பொட்டலமாக வாங்கிக்கொண்டான். ஒன்று அம்மாவுக்கு, காலையில் வந்து சாப்பிடுவார் என்றான்.